கூண்டுக்குள் யாரை உட்கார வைப்பது?

(பல்கலைக்கழகப் படிப்புக்குச் செல்லும் மாணவர்களுக்கு உதவித்தொகை திரட்டுவது பற்றி, தருமபுரி மாவட்டம் அரூரில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய கலந்துரையாடலில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன மாதம் உங்களில் நாலு பேர் என் அலுவலகத்துக்கு வந்து இந்தத் திட்டத்தைச் சொன்னீர்கள். முழுசாகக் கேட்காமலேயே "இந்த வேலையெல்லாம் வேண்டாம்பா" என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்கு ஒரு ஜாமீன் மனு தள்ளுபடியாகியிருந்தது, அந்தக் கோபத்தை உங்கள் மேல் காட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போன பிறகு யோசித்தேன். யோசித்ததைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். சட்டம் வரும், கூத்து வரும், கொஞ்சம் சொந்தக் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திட்டம் தெரியாத பெரியவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஆள், ஒரு டாக்டரோ பேராசிரியரோ மளிகைக் கடைக்காரரோ, அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து ஒரு நாள் அவரைக் 'கைது' செய்வது. பொது இடத்தில் ஒரு மூங்கில் கூண்டு கட்டி அதில் உட்காரவைப்பது. வேடிக்கையாக ஒரு குற்றச்சாட்டு வாசிப்பது. ஜாமீன் தொகை இவ்வளவு என்று அறிவிப்பது. அவர் உள்ளே இருந்தபடியே நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் போன் போட்டு, "என்னை வெளியே எடுங்கப்பா" என்று கெஞ்சிப் பணம் திரட்டுவார். திரண்ட பணம் நல்ல காரியத்துக்குப் போகும். அமெரிக்காவில் தசைச் சிதைவு நோய்க்கான சங்கமும் புற்றுநோய்ச் சங்கமும் பல வருடங்களாக இப்படி நிதி திரட்டியிருக்கின்றன. அங்கே இதற்கு 'ஜெயில் அண்ட் பெயில்' என்று பெயர். நம் தம்பிகள் அதை யூடியூபில் பார்த்துவிட்டு, அரூரிலும் செய்யலாமே என்று வந்திருக்கிறார்கள்.

சிறையை வைத்து விளையாடுவது நம் நாட்டுக்கும் புதிதில்லை. தெலங்கானாவில் சங்காரெட்டியில் 1796இல் கட்டிய ஒரு பழைய ஜெயில் இருக்கிறது. அதை அருங்காட்சியகம் ஆக்கி, 2016இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அப்போது 500 ரூபாய் கட்டினால் ஒரு நாள் முழுக்கக் கைதியாக இருக்க முடிந்தது. கதர்ச் சீருடை, தட்டு, குவளை, ஜெயில் சாப்பாடு எல்லாம் கொடுத்தார்கள். உத்தரகண்டில் ஹல்த்வானி ஜெயில் கதை இன்னும் விசேஷம். ஜாதகத்தில் சிறைத் தோஷம் இருக்கிறதென்று ஜோசியர் சொன்னால், 500 ரூபாய் கட்டி ஓர் இரவு லாக்கப்பில் படுத்துத் தோஷத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று 2022இல் செய்தி வந்தது. சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். எந்தச் சாதிக்காரனுக்கு ஜெயில் என்பது ஜாதகத்தில் மட்டும் வரும் விஷயம்? மறுநாள் காலையில் வீட்டுக்குப் போய்விடுவோம் என்ற உறுதி யாருக்கு இருக்கிறதோ அவனுக்குத்தான் அது 500 ரூபாய் அனுபவம்.

நாம் உட்கார்ந்திருக்கிற இடம் எது? அரூர். வாச்சாத்தி பக்கத்தில்தான் இருக்கிறது. 1992 ஜூன் 20ஆம் தேதி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தன. சந்தனக்கட்டை தேடி வந்ததாகச் சொன்னார்கள். 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். வீடுகளை உடைத்தார்கள், ஆடு மாடுகளைக் கொண்டுபோனார்கள், கிணற்றைக்கூடப் பாழாக்கினார்கள். பிறகு அந்த ஊர்க்காரர்கள் மீதே கடத்தல் வழக்குப் போட்டு, பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சேலம் சிறையில் அடைத்தார்கள். குற்றம் செய்தவர்கள் 269 பேர் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2011 செப்டம்பர் 29 வரை ஆனது. அதற்குள் அவர்களில் 54 பேர் செத்தே போய்விட்டார்கள். உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29இல். முப்பத்தோரு வருடம்! அந்த வருடங்களில் பாதிக்கப்பட்டவர்கள்தான் நீதிமன்றத்துக்கும் விசாரணைக்கும் பஸ் ஏறினார்கள்.

இந்த மண்ணில் பஸ் நிலையத்துக்கு எதிரே கூண்டு கட்டி, 'கைது கைது' என்று ஒலிபெருக்கியில் கத்தினால், வாரச்சந்தைக்கு வந்த ஒரு பாட்டி அதை என்னவாகக் கேட்பாள்? அந்தக் கேள்விதான் என்னை முதலில் "வேண்டாம்" என்று சொல்ல வைத்தது.

என் அம்மாவைச் சொல்கிறேன். எங்கள் காலனிக்குள் போலீஸ்காரர் சைக்கிள் வந்தால் போதும், அம்மா எங்களை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார். யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டோம். ஊர்க்காரன் தோட்டத்தில் மோட்டார் காணாமல் போனால் சைக்கிள் முதலில் வருவது எங்கள் தெருவுக்குத்தான். பெங்களூருக்குக் கொத்தனார் வேலைக்குப் போயிருந்த அப்பா ஊருக்கு வந்திருக்கிற நாளாகப் பார்த்து வந்துவிட்டால் இன்னும் பயம். நான் வக்கீல் ஆகி, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குள் நடந்துபோன பிறகும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "உள்ள போனா திரும்ப வர உட்ருவாங்களாடா?" என்பதுதான்.

ஜாமீன் என்ற சொல்லை நீங்கள் விளையாட்டில் பயன்படுத்தப்போகிறீர்கள். நிஜத்தில் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். கோர்ட் ஜாமீன் கொடுத்துவிட்டது என்று பேப்பரில் படிப்போம். கொடுத்தவுடன் ஆள் வெளியே வந்துவிடுவதில்லை. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். பெரும்பாலும் அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். ஜாமீன்தாரர் கையில் வீட்டு வரி ரசீதோ சொத்து ஆவணமோ இருக்க வேண்டும். ஃபோட்டோ ஒட்டி, இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து, ஆதார் நகலோ பேங்க் பாஸ்புக் நகலோ கொடுக்க வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவனுக்கு எங்கே வீட்டு வரி ரசீது? காலனியில் பட்டா இல்லாத வீட்டுக்கு எந்த மதிப்பு? அதனால்தான் கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்கிற ஆட்கள் என்று ஒரு தொழிலே இருக்கிறது. அந்தக் காசும் இல்லாதவன் ஆர்டர் கையில் வந்த பிறகும் உள்ளேயே கிடப்பான்.

1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம், ஏழைக் கொத்தனார். ஜாமீன் கொடுக்கச் சொல்லியாகிவிட்டது. கீழ்க் கோர்ட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று அவரையும் ஏற்கவில்லை. நீதிபதி கிருஷ்ணய்யர் அதை 1,000 ரூபாய் சொந்தப் பிணையாகக் குறைத்தார், ஏழையிடம் இப்படிக் கேட்பதே அநீதி என்று தீர்ப்பில் எழுதினார். அது வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்கு 40,000 ரூபாய் வரை அரசே கொடுக்கும் என்று ஒன்றிய அரசு 2023இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அப்படியொரு திட்டம் தேவைப்படுகிறது என்பதே நிலைமையைச் சொல்கிறது. தேசியக் குற்றப் பதிவேடுகள் வாரியத்தின் கணக்குப்படி, 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தாறு பேர். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். சிறையில் இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகத்தார்.

இதில் மாணவர்கள் எங்கே வருகிறார்கள்? என்னிடம் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர், ஊர், கல்லூரி எதுவும் வேண்டாம். திருவிழாவில் தகராறு. ஊர்ப் பையன்கள் அடித்தார்கள், காலனிப் பையன்கள் திருப்பி அடித்தார்கள். இரண்டு பக்கமும் எஃப்.ஐ.ஆர். இவன் பெயரும் அதில் இருந்தது. பதினாறாம் நாள் ஜாமீன் கிடைத்தது. நிபந்தனை, தினமும் காலை 10.30 மணிக்கு நிலையத்தில் கையெழுத்து. 10.30க்குக் கையெழுத்துப் போட்டால் கல்லூரிக்கு எத்தனை மணிக்குப் போவான்? நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி நான் மனுப் போட்டு உத்தரவு வாங்குவதற்குள் அந்த செமஸ்டர் வருகைப் பதிவு போய்விட்டது. தேர்வு எழுத விடவில்லை. உதவித்தொகையைப் புதுப்பிக்க வருகைச் சான்று கேட்டார்கள், அதுவும் இல்லை. வழக்கு கடைசியில் சமரசத்தில் முடிந்தது. ஊர்ப் பையன்கள் படிப்பை முடித்துவிட்டார்கள், அவர்களுக்குக் கையில் காசு இருந்தது. இவன் இப்போது ஓசூர் பக்கம் குடோனில் மூட்டை தூக்குகிறான். என் வழக்குக் கட்டுகளில் அது 'முடிந்த வழக்கு' என்று இருக்கிறது.

நம் பிள்ளைகள் விஷயத்தில் கைதும் உதவித்தொகையும் இப்படித்தான் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன.

இயக்கத்துக்காகச் சிறை போவது வேறு. அதற்கு நம்மிடம் பெரிய வரலாறு இருக்கிறது. 1957 நவம்பர் 26இல் சாதியைக் காப்பாற்றும் பிரிவுகளை எதிர்த்து அரசமைப்புச் சட்டத்தைக் கொளுத்தியதற்காக ஏறத்தாழ 3,000 பெரியார் தொண்டர்கள் சிறைக்குப் போனார்கள். அம்பேத்கரியத் தோழர்கள் இந்தப் போராட்டத்தை எப்படிப் பார்ப்பது என்பது தனி விவாதம், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். அவர்கள் தெரிந்தே போனார்கள் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

அமெரிக்காவிலும் ஒரு கதை உண்டு. நீங்கள் காட்டிய ஜெயில் அண்ட் பெயில் வீடியோவை விட எனக்கு இதுதான் முக்கியம். 1961 ஜனவரி 31. தென் கரோலினாவில் ராக் ஹில் என்ற ஊர். ஃப்ரெண்ட்ஷிப் ஜூனியர் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள், அவர்களோடு ஓர் இயக்க அமைப்பாளர், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறும் ஒரு கடையின் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். கைதானார்கள். 100 டாலர் அபராதம், அல்லது 30 நாள் கடுங்காவல். ஒன்பது பேர் அபராதம் கட்ட மறுத்துவிட்டார்கள். நம்மை அடைத்தவனுக்கே நாம் ஏன் பணம் கட்ட வேண்டும், இயக்கத்தின் பணம் அபராதத்திலேயே கரைந்துவிடாதா என்பது அவர்கள் வாதம். 30 நாள் சாலை வேலை செய்தார்கள். அந்தத் தண்டனையை நீதிமன்றம் 2015இல் ரத்து செய்தது.

கைதானவர்கள் பத்துப் பேர். பத்தாவது பையன் பணம் கட்டி வெளியே வந்தான். அவன் விளையாட்டு உதவித்தொகையில் படித்துக்கொண்டிருந்தான். சிறையில் இருந்தால் அது போய்விடுமே என்ற கவலை. வரலாறு ஒன்பது பேரைக் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான். எனக்கு அந்தப் பத்தாவது பையன் மேல்தான் எப்போதும் மனசு போகும். அவனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்த அறையில் இருக்கிற முக்கால்வாசிப் பேர் அந்தப் பத்தாவது பையன்தான். ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தால் அரசு வேலை விண்ணப்பத்தில் 'உங்கள் மீது வழக்கு உள்ளதா' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பயப்படுகிறவர்கள். பயப்படுங்கள், தப்பில்லை.

சரி, இவ்வளவு பேசிவிட்டுப் பிறகு ஏன் மனசு மாறினேன்?

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன அந்த ஒரு பக்கக் கணக்குதான் காரணம். சேர்க்கைக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி முன்பணம், இன்ன ஊருக்கு ரயில் கட்டணம் என்று ஒவ்வொரு மாணவருக்கும் பென்சிலில் எழுதியிருந்தீர்கள். அரசு உதவித்தொகை வரவே வராது என்று நீங்கள் எழுதவில்லை. 'வரும்வரை' என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது.

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அது யாரும் மனம் இரங்கிப் போட்டதில்லை. 1942 அக்டோபரில் வைஸ்ராய்க்குக் கொடுத்த கோரிக்கை மனுவில் அண்ணல் அம்பேத்கர் கணக்குப் போட்டுக் கேட்டார். அலிகார் பல்கலைக்கழகத்துக்கும் பனாரஸ் பல்கலைக்கழகத்துக்கும் அரசு பணம் தருகிறதே, எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை என்று கேட்டார். தனவான் கொடுக்கும் பணம் எப்படிப்பட்டது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 1913இல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு கொடுத்து மூன்று வருடம் கொலம்பியாவில் படிக்கவைத்தார். பெரிய உதவி, மறுக்கவில்லை. கூடவே, படித்துவிட்டுப் பத்து வருடம் பரோடாவில் வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தமும் இருந்தது. அந்த ஒப்பந்தத்துக்காக 1917இல் பரோடா போனவருக்குத் தங்க ஓர் அறை கொடுக்க அந்த நகரத்தில் ஆள் இல்லை. சாதியை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கி, தடியோடு வந்தவர்களால் விரட்டப்பட்டு, மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். அதனால்தான் மன்னரின் தயவாக இல்லாமல் அரசின் கடமையாக அதை மாற்றினார்.

அந்தக் கடமை இன்று எப்படி நடக்கிறது? 2017க்கும் 2020க்கும் இடையில் ஒன்றிய அரசின் பங்கு வருடத்துக்குச் சராசரி 1,100 கோடி ரூபாய் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மாநிலங்கள் சத்தம் போட்டன, மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2020 டிசம்பரில்தான் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்று பங்கு பிரித்து, ஐந்து வருடத்துக்கு 59,000 கோடி என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. சாதிச் சான்று வேண்டும். பட்டியல் சாதிக்கு அது தாசில்தாரிடம் கிடைக்கும். பழங்குடிக்கோ கோட்டாட்சியர் தர வேண்டும். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைக்கு அது எத்தனை நடை என்று உங்களுக்கே தெரியும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தாலும் பணம் வருவது படிப்பு பாதி ஓடிய பிறகு. கல்லூரிக்காரன் கட்டணம் கேட்பது முதல் நாள்.

2012 நவம்பர் 7 நினைவிருக்கும். நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். பீரோவை உடைத்து நகையை எடுத்ததைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எரிந்து போனவற்றில் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றும் இருந்தன. சான்றிதழ் எரிந்தால் உதவித்தொகை விண்ணப்பமும் சேர்ந்து எரிகிறது.

ஹைதராபாத்தில் ரோகித் வெமுலாவுக்கு என்ன நடந்தது? 2016 ஜனவரி 17இல் அவர் விட்டுச்சென்ற கடிதத்தில் ஏழு மாத ஆய்வு உதவித்தொகை வரவேண்டியிருக்கிறது, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம், அதை என் குடும்பத்துக்குக் கொடுங்கள் என்று இருந்தது. நண்பருக்குக் கொடுக்க வேண்டிய கடனையும் சொல்லியிருந்தார். பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளையின் உயிர் இந்த 'வரவேண்டிய' பணத்துக்கும் 'கொடுக்க வேண்டிய' கடனுக்கும் நடுவில்தான் தொங்குகிறது. எனக்கும் அப்படித்தான். சட்டக் கல்லூரியில் என் கடைசி வருட உதவித்தொகை நான் தேர்வு எழுதி முடித்து ஊருக்கு வந்த பிறகு வந்தது. அதற்குள் அம்மாவின் கம்மல் அடகில் மூழ்கிவிட்டது.

ஆகவே இந்த இடைவெளிக்குப் பணம் வேண்டும். வாய்விட்டுக் கேட்கவும் வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பெரியாரைக் கஞ்சன் என்பார்கள். குழந்தைக்குப் பெயர் வைக்கக் காசு, கையெழுத்துப் போடக் காசு, கூட நின்று படம் எடுக்கக் காசு என்று வாங்கிச் சேர்த்தார். சேர்த்த பணம் எங்கே போனது? கல்விக்குப் போனது, இயக்கத்துக்குப் போனது. கொடுத்தவனும் சிரித்துக்கொண்டே கொடுத்தான். அதில் பிச்சைக் களை இல்லை.

இப்போது உங்கள் கூண்டுக்கு வருகிறேன். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் என்று ஒருவன் வருவான். ராஜா மேடையேறும்போது புகழ் பாடுகிறவனும் அவன்தான், அடுத்த நிமிடம் "ராசா, போன வாட்டி வாங்கின கடனு என்னாச்சி?" என்று கேட்கிறவனும் அவன்தான். சபை உருண்டு உருண்டு சிரிக்கும். பகலில் அந்த ஊர்க் கவுண்டரிடம் கைகட்டி நிற்கிறவன் ராத்திரி வேஷம் கட்டி ராஜாவைக் கேள்வி கேட்கிறான். சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தீர்களா? உங்கள் கைது விளையாட்டையும் இந்தக் கூத்தாக மாற்ற முடியும் என்றால் நான் உங்களோடு வருகிறேன். முடியாது என்றால் உண்டியல் குலுக்கிவிட்டுப் போங்கள், அது மேல்.

கூத்தாக மாற்றுவது என்றால் என்ன? காலனிப் பிள்ளை ஒருவர்கூடக் கூண்டுக்குள் போகக் கூடாது. விளையாட்டுக்கும் போகக் கூடாது, 'ஒரு ஃபோட்டோவுக்கு மட்டும் அண்ணா' என்றும் போகக் கூடாது. அந்தப் படத்தை நாளைக்கு யார் எங்கே எடுத்துப் போடுவான் என்று தெரியாது. உள்ளே உட்காரவேண்டியது, நிஜத்தில் ஒருநாளும் கைதாகாத ஆட்கள். வக்கீல், டாக்டர், பேராசிரியர், ஒப்பந்தக்காரர், தனியார் பள்ளித் தாளாளர். பிற சமூகத்துத் தோழர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். நீங்கள் உங்கள் அப்பாக்களிடம் பேசிச் சம்மதிக்கவையுங்கள் பார்க்கலாம். சாதி மறுப்பு பேசுவதைவிட அது கஷ்டம், எனக்குத் தெரியும்.

குற்றச்சாட்டு வேடிக்கையாக இருக்கட்டும், ஆனால் உண்மையாக இருக்கட்டும். 'பேராசிரியர் வகுப்பில் ஒரே ஜோக்கை முப்பது வருடமாகச் சொல்கிறார்' என்பதெல்லாம் அமெரிக்காவில் போதும். இங்கே, 'மாணவி மூன்று முறை வந்தும் போனஃபைடு சான்றில் கையெழுத்துப் போடாமல் டீ குடிக்கப் போனார்' என்று எழுதுங்கள். 'டவுனில் வீடு வாடகைக்கு விடும்போது என்ன ஆளுங்க என்று கேட்டார்' என்று எழுதுங்கள். 'தன் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்தார்' என்று எழுதுங்கள். அவர் ஒப்புக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால் அவருக்கு என் வணக்கம். ஒப்புக்கொள்ளாவிட்டால் வற்புறுத்தாதீர்கள், அவர் முகத்தில் நமக்குப் பதில் கிடைத்துவிடும்.

இனி வக்கீலாக நாலு வார்த்தை. ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சம்மதம் இல்லாமல் ஒருவரை வழிமறித்தால், அடைத்துவைத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா 126, 127. விளையாட்டாகச் செய்தோம் என்று சொன்னால் வேறு யாருக்காவது எடுபடும், உங்களுக்கு எடுபடாது. காக்கி உடை கூடவே கூடாது, தொப்பிகூட வேண்டாம், கட்டியக்காரன் வேஷமே போதும். கைவிலங்கும் வேண்டாம். நிஜப் போலீஸே கண்டபடி விலங்கு பூட்டக் கூடாது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பஸ் நிலையம் வேண்டாம், ஏதாவது மண்டபத்து வளாகத்திலோ பள்ளி மைதானத்திலோ வையுங்கள், காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனுக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். நம் மாவட்டத்தில் போலீஸ் சட்டம் 30(2) எப்போது அமலில் இருக்கும், எப்போது இருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜாமீன் தொகையை ஆயிரம், ஐயாயிரம் என்று மட்டும் வைக்காதீர்கள். வெளியே எடுக்க நூறு ரூபாய், இன்னும் பத்து நிமிடம் உள்ளேயே வைக்கப் பத்து ரூபாய் என்று இரண்டு பெட்டி வையுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா பத்து ரூபாய் போட்டு ஒரு ஒப்பந்தக்காரரை பத்து நிமிடம் கூடுதலாக உட்காரவைக்கட்டும். எந்தப் பெட்டி முதலில் நிரம்பும் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

பணம் வந்த பிறகுதான் நம் ஆட்கள் சறுக்குவார்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. மூன்று பேர் கூட்டுக் கணக்கு, அதில் இரண்டு பேர் பெண்கள். வரவு செலவை வெளியே ஒட்டுங்கள், ஆனால் யாருக்குக் கொடுத்தோம் என்ற பெயரை ஒட்டாதீர்கள். மாணவியை மேடைக்குக் கூப்பிட்டு, கவரைக் கையில் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொல்லி, வாங்கினவள் குனிந்து நிற்க, கொடுத்தவர் சிரித்து நிற்க ஒரு படம் எடுப்பார்களே, அது நடந்தால் நான் எழுந்து போய்விடுவேன். பணம் கணக்குக்குப் போகட்டும். அரசு உதவித்தொகை வந்ததும் முடிந்தவர்கள் திருப்பிப் போடட்டும், அடுத்த பிள்ளைக்கு ஆகும். முடியாதவர்களிடம் கேட்காதீர்கள்.

இன்னொன்று. நிதி கொடுக்கிற ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கோப்பு திறங்கள். அவருடைய அரசு உதவித்தொகை விண்ணப்பம் எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று அதில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை தகவல் உரிமை மனுவோ நேரில் கேள்வியோ போக வேண்டும். அதை நான் செய்கிறேன், என் ஜூனியர்கள் செய்வார்கள். நாம் பணம் திரட்டுகிறோம் என்று தெரிந்தால் "அதான் உங்க சங்கத்துல குடுக்கறாங்களே" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் வரும் முன்னே அங்கே நம் கடிதம் போய் நிற்க வேண்டும்.

கடைசியாக, யாரை முதலில் கைது செய்வது என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று கேள்விப்பட்டேன். என்னைச் செய்யுங்கள். குற்றச்சாட்டை நானே எழுதித் தருகிறேன். நான் படித்த ஆதிதிராவிடர் நல விடுதியிலிருந்து என் அலுவலகம் நடக்கிற தூரம்தான். வக்கீலாகப் பதிந்த பிறகு பதினேழு வருடம் அந்த வாசலை நான் மிதிக்கவில்லை. அங்கே படிக்கிற பையன் ஒருவன் வழக்கில் மாட்டி, அவன் அப்பா என்னைத் தேடி வந்தபோதுதான் அந்த வழியாகப் போனேன். மேலே ஒரு பையனைப் பற்றிச் சொன்னேனே, அவன்தான். இதை அப்படியே வாசியுங்கள், மழுப்ப வேண்டாம்.

ஜாமீன் தொகையைக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள். என் மகளிடம் சொல்லிவிட்டேன், கட்டுகிறாளாம். ஆனால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவாளாம், அதுவரை அம்மாவிடம் பத்து ரூபாய் நோட்டுகளாகக் கொடுத்து அனுப்புகிறாளாம், அந்த இன்னொரு பெட்டியில் போட.